ஒப்புதல் படிவம்: நான்காம் திருத்தம்

பிச்சாட்டூர் அணையைத் திறந்துவிட்டார்கள்.
ஊத்துக்கோட்டைத் தரைப்பாலம் முழுகிவிட்டது.
இன்றைக்கு எதுவும் நடக்காது என்று
ஊரே கதவைச் சாத்திக்கொண்ட நாளில்
எனக்கு வகுப்பு இருந்தது.

இரவு ஒன்பதரை. மொட்டைமாடி.
தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றால்தான்
ஆந்திரா சிக்னல் இரண்டு கோடு காட்டும்.
"சத்தியவேட்டு டவர்" என்பான் என் மகன்,
தாய்மாமன் பேரைச் சொல்வதுபோல.
திரையில் கட்டம் கட்டமாக முகங்கள்.
நைரோபியில் ஒருத்தி கீரை நறுக்குகிறாள்.
மணிலாவில் ஒருவன் கொட்டாவியை விழுங்குகிறான்.
என் கட்டத்தில் குடை, கொசு, நான்.

நாற்பத்தாறு வயதில் சமூகப்பணியில் முனைவர் பட்டம்.
அதுவும் அலமாரிக்கு எழுதும் பட்டம் இல்லையாம்,
பார்க்கிற வேலையைத் திருத்தும் பட்டம்.
முதல் வகுப்பிலேயே கேட்டார்கள்:
"உங்கள் வேலையில் எது உடைந்திருக்கிறது?
ஒரே வாக்கியத்தில்."

எழுதினேன்.
தைலமரம் வெட்ட எட்டாயிரம் முன்பணம் வாங்கிய குடும்பத்தை
ஆற்றுக்கு அந்தப் பக்கம் மீட்டால்
விடுதலைச் சான்றிதழ் தெலுங்கில் வருகிறது,
இந்தப் பக்க ஆபீசில் அதற்கு ஃபைல் இல்லை,
ஃபைல் போட்டால் அந்தத் தலைப்பில் பணம் இல்லை,
பணம் வருவதற்குள்
அடுத்த முன்பணம் வீடு தேடி வந்துவிடுகிறது.

பேராசிரியர் சிவப்பில் குறித்தார்:
வாக்கியம் நீளம்.

பதினோரு வருஷ நீளம் மேடம்
என்று தட்டினேன்.
அனுப்பவில்லை.

பிறகு நெறிக்குழு படிவம் கேட்டது.
பங்கேற்பவர் கையொப்பம்,
இயலாதெனில் இடது பெருவிரல் ரேகை.
மூன்று முறை திருத்தி,
முந்தாநாள் மை டப்பாவோடு போனேன்
நாகலாபுரம் ரோட்டுப் புறம்போக்கில்
கெங்கம்மாவின் தார்ப்பாய் வீட்டுக்கு.

எல்லாம் சொன்னாள். கேட்காததும் சொன்னாள்.
கூப்பிலே பிறந்த மூன்றாவது பிள்ளை
மரத்தூளில் தவழ்ந்ததை,
மேஸ்திரி நோட்டில் அதற்கும் பால்கணக்கு ஏறியதை.
சின்ராசு ஓடிப்போய்
திரும்பி வந்ததை. அதற்குமேல் அவனைப் பற்றி
பேச்சில்லை.
நான் படிவத்தை எடுத்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன்.
டப்பாவைத் திறந்ததும்
கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

"கதய வச்சிக்க.
வெரலக் கேக்காத.
அன்னிக்கும் ஒருத்தன் இப்டித்தான் படிச்சிக் காட்னான்,
ஒன்ன மாரியே
நிதானமா."

இதற்கு மேற்கோள் எப்படிப் போடுவது?
ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்க எண்?

கிளம்பும்போது கூப்பிட்டாள்.
"நீ வேணா வைய்யி.
எங்கதய என்னா பண்ணுவ, என்னா பண்ணமாட்ட,
அத எழுதி நீ வெரல் வச்சிக் குடு.
எங்கிட்ட இருக்கட்டும்."
வைத்தேன். எழுதப் படிக்கத் தெரிந்த கையால்,
வாழ்க்கையில் முதல் தடவை.
துடைக்கத் துணி கேட்டதற்குச் சிரித்தாள்.
காகிதத்தை நாலாக மடித்து
ரேஷன் அட்டைக்குள் சொருகினாள்.

இதைத்தான் இன்றைக்கு வகுப்பில் சொன்னேன்.
நைரோபியில் கத்தி நின்றது.
"அப்படியானால் அவர் மறுத்துவிட்டார், இல்லையா?"
என்றார் பேராசிரியர்.
இல்லை மேடம், அவள் என்னை

அந்த இடத்தில் சிக்னல் போனது.
மறுபடி கூப்பிட்டால்
தெலுங்கில் ஒரு பெண்
மரியாதையாக ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாள்.

கீழே இறங்கிப் படிவத்தைத் திறந்தேன்.
நான்காம் திருத்தம்:
பங்கேற்பவர் ரேகை என்பதை அடித்து
ஆய்வாளர் ரேகை.
காரணம் எழுத இருநூறு சொல் இடம் விட்டிருக்கிறார்கள்.
வெளியே ஆறு இரைகிறது.
கட்டைவிரல் மை இன்னும் போகவில்லை,
ஒவ்வொரு சொல்லுக்குப் பிறகும்
இடைவெளிக் கட்டையில் கொஞ்சம் நீலம்
ஒட்டுகிறது.